விருந்தோடு வந்த மருந்து

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் யூஜீன் ஒரு பல்கலைக்கழக ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே தன்பாலீர்ப்புள்ள இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாரந்தோறும் கூடி, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசினார்கள். ஒரு நடன இரவு வைக்கலாமா, மலையேறப் போகலாமா, படம் பார்த்தபடி ஒரு மாலையைக் கழிக்கலாமா, பூங்காவில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாமா என்பதுதான் பேச்சு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த ஊர் இளைஞர் மன்றமும் செய்கிற வேலையாகவே அது தெரிந்திருக்கும். உண்மையில் அது எச்.ஐ.வி. தடுப்புக்கான ஓர் ஆய்வின் பகுதி. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த சூசன் கெகல்ஸ், ராபர்ட் ஹேஸ், தாமஸ் கோட்ஸ் ஆகியோர் அதை வடிவமைத்திருந்தார்கள். எம்பவர்மென்ட் திட்டம் என்று அதற்குப் பெயர்.

பொதுச் சுகாதாரத் துறைக்குக் கூட்டம் என்றாலே பயம். திருவிழாவோ சந்தையோ நடன அரங்கமோ, நான்கு பேர் நெருங்கி நிற்கும் இடத்தைத் தொற்று பரவும் இடமாகப் பார்த்துத்தான் அது பழகியிருக்கிறது. பால்புதுமையர் கூடும் இடங்களைப் பார்க்கும்போது அந்தப் பயத்தோடு அருவருப்பும் சேர்ந்துகொண்டது. கடந்த 40 ஆண்டுகளின் வரலாறோ வேறொன்றையும் காட்டுகிறது. நோய் பரவிய அதே கூடல்களின் வழியாகத்தான் நோயைப் பற்றிய செய்தியும், பரிசோதனையும், தடுப்பூசியும் போய்ச் சேர்ந்தன. கூட்டத்தைக் கலைத்த இடங்களில் செய்தி கேட்க ஆள் இல்லாமல் போனது. கூட்டம் தன் செய்தியைத் தானே சொல்லிக்கொண்ட இடங்களில் உயிர்கள் பிழைத்தன. எல்லா இடத்திலும் இது ஒன்றுபோல் நடந்துவிடவில்லை. எங்கே நடந்தது, எங்கே பொய்த்தது, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் அக்கறை.

யூஜீனில் ஆய்வாளர்கள் முதலில் செய்தது கேட்பது. 18 முதல் 20களின் பிற்பகுதி வரையான வயதுக்காரர்களிடம் பேசியபோது, எச்.ஐ.வி. அவர்கள் கவலைப் பட்டியலில் மேலே இல்லை என்று தெரிந்தது. நண்பர்கள் வேண்டும், காதலிக்க ஒருவர் வேண்டும், மதுக்கூடத்தைத் தவிர வேறு எங்காவது தன்னைப் போன்றவர்களைச் சந்திக்க வேண்டும் என்பவைதான் மேலே இருந்தன. எய்ட்ஸ் மூத்த தலைமுறையின் நோய் என்ற எண்ணமும் இருந்தது. அப்படிப்பட்டவர்களை நோய் விளக்கக் கூட்டத்துக்கு அழைத்தால் யார் வருவார்கள்? ஏற்கெனவே கவலைப்படுகிறவர்கள் வருவார்கள். வர வேண்டியவர்கள் வரமாட்டார்கள்.

ஆகவே அழைப்பையே மாற்றினார்கள். என்ன நிகழ்ச்சி, எப்போது, எப்படி என்பதை அந்த இளைஞர்களின் மையக் குழுவே முடிவு செய்தது. தங்களுக்கென்று ஓர் இடமும் வைத்துக்கொண்டார்கள். நடனத்துக்கு வந்தவர் கையில் ஆணுறை வந்து சேரும். அறிமுகமானவர்களில் எட்டுப் பத்துப் பேரை ஒரு மாலை உட்காரவைத்து, மூன்று மணி நேரம் பேசினார்கள். அந்த அமர்வை நடத்தியவரும் அவர்கள் வயதுக்காரரே. ஆணுறை வேண்டும் என்று காதலனிடம் எப்படிக் கேட்பது, கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று நினைத்துவிடுவானோ என்பது போன்ற, எந்தத் துண்டறிக்கையிலும் இடம்பெறாத விஷயங்கள் அங்கே பேசப்பட்டன. அமர்வு முடியும்போது, இங்கே பேசியதை உங்கள் நண்பர்களிடமும் பேசுவீர்களா என்று கேட்டார்கள். செய்தி அந்தக் கேள்வியிலிருந்துதான் ஊருக்குள் போனது.

ஆய்வின் முடிவுகள் 1996இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்தன. யூஜீனிலும், ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட இன்னொரு ஊரிலுமாக 300 பேரைத் தொடர்ந்து விசாரித்திருந்தார்கள். திட்டத்துக்கு முன்பு ஆணுறையின்றி ஆசனவாய் உறவு கொண்டதாகச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. திட்டத்துக்குப் பின்பு 30 விழுக்காடு. நிலையான துணை அல்லாதவர்களுடன் என்று பார்த்தால் 20.2 விழுக்காடு 11.1 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டு ஊரில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இவை சொந்த வாக்குமூலங்கள் என்பதையும், ஒரே ஒரு ஊரின் கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் நடனத்தையும் கூட்டுச் சாப்பாட்டையும் ஒரு மருத்துவ இதழ் நோய்த் தடுப்பு முறையாக எடைபோட்டுப் பார்த்தது சின்ன விஷயமல்ல.

அந்த ஆண்டுகளில் ஒரிகன் எப்படி இருந்தது என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். தன்பாலீர்ப்பு இயல்புக்கு மாறானது, தவறானது என்று மாநில அரசமைப்பிலேயே எழுதிவைக்கக் கோரிய 9ஆம் எண் முன்மொழிவு 1992 நவம்பரில் மக்கள் வாக்குக்கு வந்தது. அது தோற்றது. ஆனால் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் அதை ஆதரித்து வாக்களித்திருந்தார்கள். யூஜீனை ஒட்டியுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் அதே ஆண்டு மே மாதம் அதே சாயலுள்ள உள்ளூர் விதி ஒன்று நிறைவேறியும் விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று தெரியாத ஊரில், வெள்ளிக்கிழமை இரவு பயமில்லாமல் போய் உட்கார ஓர் இடம் இருந்தது என்பதற்கு என்ன மதிப்பு என்று எந்த அட்டவணையும் சொல்லாது. அந்த இடம் இல்லாமல் அட்டவணையிலுள்ள எண்களும் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

இந்தச் சிந்தனை யூஜீனில் முளைத்ததல்ல. அதற்குப் பத்தாண்டு முன்பு, ஆய்வாளர் யாரும் இல்லாமலே, எய்ட்ஸ் என்ற பெருந்துயரத்தின் நடுவில் அது பிறந்திருந்தது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய நிமோனியாவைப் பற்றிக் குறிப்பு வெளியிட்டது. அந்த ஆகஸ்டில் நியூயார்க்கில் எழுத்தாளர் லேரி கிரேமரின் வீட்டில் 80 பேர் அளவுக்குக் கூடினார்கள். ஆல்வின் ஃப்ரீட்மன்-கீன் என்ற தோல் மருத்துவர் தாம் பார்த்துவரும் நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். அன்று வசூலான தொகை 6,635 டாலர். அரசு அசையவில்லை. 1982 ஜனவரியில் அந்த நண்பர் வட்டமே கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ் என்ற அமைப்பாக மாறியது. அதன் தொண்டர் ராட்ஜர் மெக்ஃபார்லன் தன் வீட்டுத் தொலைபேசியையே உதவி எண்ணாக்கினார். முதல் இரவிலேயே நூறு அழைப்புகள் வந்தன. பணம் திரட்டியது நடன விருந்துகளில். 1983 ஏப்ரலில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் முழுவதையும் ஒரு சர்க்கஸ் காட்சிக்காக எடுத்து நிரப்பினார்கள். சாவு வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தபோது சர்க்கஸா என்று கேட்கத் தோன்றலாம். அந்த மாலையில் அரங்கத்தை நிரப்பியவர்கள் தாம் எத்தனை பேர் என்பதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தார்கள். நிதியளவுக்கு அதுவும் தேவையாக இருந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் பாபி கேம்பல் என்ற செவிலியர், தன் பாதத்தில் வந்த கபோசி சர்கோமா என்ற புற்றுநோய்ப் புள்ளிகளின் படங்களை காஸ்ட்ரோ பகுதி மருந்துக்கடை ஒன்றின் கண்ணாடியில் ஒட்டவைத்தார். அந்தத் தெருவில் நடந்துபோகிற யாரும் பார்க்கும்படி, உங்கள் உடம்பிலும் இப்படி இருந்தால் மருத்துவரிடம் போங்கள் என்று. 1982இல் அதே ஊரின் சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இண்டல்ஜென்ஸ் குழுவினர், பாலுறவை இழிவுபடுத்தாமல், நகைச்சுவையோடு பால்வினை நோய்களை விளக்கும் சிறு பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு நியூயார்க்கில் மைக்கேல் கேலன், ரிச்சர்ட் பெர்க்கோவிட்ஸ் ஆகிய இரு நோயாளிகள், ஜோசஃப் சோனபெண்ட் என்ற மருத்துவரின் வழிகாட்டலில், பாதுகாப்பான உறவு பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார்கள். எச்.ஐ.வி. தான் காரணம் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஆணுறையைப் பரிந்துரைத்த பிரசுரம் அது. சோனபெண்டின் நோய்க் காரணக் கோட்பாடு பிற்பாடு தவறென்று தெரிந்தது. ஆணுறை பற்றிய பரிந்துரை சரியாகவே இருந்தது. அதை எழுதியவர்கள் வாசகர்களோடு ஒரே அறையில் இருந்தவர்கள். யார் எதைக் கைவிடமாட்டார்கள், எதை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை அறிவியல் முறைப்படி முதலில் சோதித்தவர் உளவியலாளர் ஜெஃப்ரி கெல்லி. களம் அமெரிக்கத் தெற்கின் சிறு நகரங்கள், மிசிசிப்பியின் பிலாக்சி போன்றவை. அங்கே மதுக்கூடப் பணியாளர்களிடம், இங்கு வருகிறவர்களில் எல்லோருக்கும் பிடித்தவர் யார், யார் பேச்சுக்கு மதிப்பு என்று கேட்டார்கள். அப்படித் தேறியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நண்பர்களிடம் இயல்பாக இந்தப் பேச்சை எடுக்கச் சொன்னார்கள். சுவரொட்டியில் ஒரு போக்குவரத்து விளக்கு, சட்டையில் அதே படம் போட்ட வில்லை. அது என்ன என்று யாராவது கேட்பார், பேச்சு தொடங்கும். 1991இல் வெளியான முடிவின்படி, ஆணுறையின்றி ஆசனவாய் உறவு கொண்டவர்களின் விகிதம் 36.9இலிருந்து 27.5 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் சொல்லாத எதையும் அந்த நண்பர்கள் சொல்லிவிடவில்லை. நண்பர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான்.

உடனே உலகம் முழுவதும் இந்த முறையை எடுத்துச் சென்றார்கள். இங்கேதான் கதை சிக்கலாகிறது. சிக்கலான இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

லண்டனில் ஜொனதன் எல்ஃபோர்டின் குழு உடற்பயிற்சிக் கூடங்களைக் களமாகத் தேர்ந்தது. தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் நிறையப் பேர் வருகிற கூடங்கள். பயிற்சி பெற்ற சக தொண்டர்கள் இருந்தார்கள். பலன் இல்லை. காரணத்தைத் தேடியபோது தெரிந்தது எளிமையான ஒன்று: எடை தூக்கிக்கொண்டிருக்கும் அந்நியரிடம் போய் எச்.ஐ.வி. பற்றிப் பேசத் தொண்டர்களுக்குக் கூச்சமாக இருந்தது. மிகச் சிலரிடம்தான் பேசியிருந்தார்கள். கிளாஸ்கோவில் மதுக்கூடங்களில் நடந்த முயற்சியிலும் ஊரளவிலான நடத்தை மாறவில்லை. ஆனால் தொண்டர்களோடு நேரில் பேசியவர்கள் பரிசோதனைக்கும் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசிக்கும் கூடுதலாகப் போயிருந்தார்கள்.

பிறகு சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் பெரும் ஆய்வு. இதன் இந்தியக் களம் நம் சென்னை. கெல்லியின் முறையை இங்கே ஒயின் ஷாப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். இது தன்பாலீர்ப்பாளர்களை மட்டும் நோக்கியதல்ல, கடைக்குக் குடிக்க வருகிறவர்களையும் அங்கே தொழில் செய்யும் பெண்களையும் நோக்கியது. 2010இல் முடிவு வந்தபோது ஐந்து நாடுகளிலும் ஒரே பதில்: சக மனிதர் வழிச் செய்தி கொடுத்த இடங்களுக்கும் கொடுக்காத இடங்களுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலுமே ஆபத்தான நடத்தை குறைந்திருந்தது. ஒப்பீட்டு இடங்களிலும் பரிசோதனையும் சிகிச்சையும் ஆலோசனையும் கொடுத்திருந்தார்கள், அதனாலேயே குறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்தத் தோல்விகளை வைத்து, சக மனிதர் வழிச் செய்தி என்பதே வெறும் நம்பிக்கை என்று முடிவு கட்டுவது எளிது. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. பிலாக்சியின் மதுக்கூடம் அந்த ஊரில் அவர்களுக்கிருந்த ஒரே வீடு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். லண்டன் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறவர். அவருக்கு அங்கே சமூகம் இல்லை, சந்தா மட்டும் இருக்கிறது. சென்னை ஒயின் ஷாப் வாசலில் நின்று அவசரமாகக் குடித்துவிட்டு, தெரிந்தவர் பார்ப்பதற்குள் கிளம்புகிறவருக்கும் அதே நிலைதான். செய்தியைச் சுமந்து செல்லும் ஆளைப் பயிற்றுவித்துவிடலாம். அவர் பேச்சுக்கு எடை கொடுக்கும் உறவைப் பயிற்றுவிக்க முடியாது. அந்த உறவு ஏற்கெனவே இருக்க வேண்டும், இல்லையென்றால் யூஜீனில் செய்ததைப் போல முதலில் அதைக் கட்ட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், செலவும் பிடிக்கும்.

உறவு ஏற்கெனவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜூலை ஓர் எடுத்துக்காட்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரை முனையில் பிராவின்ஸ்டவுன். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறத்தாழ 3,600 பேர். கோடையில் பல்லாயிரம் பேர் வருவார்கள். நெடுங்காலமாகப் பால்புதுமையரின் கோடைக்கால ஊர் அது. அந்த ஜூலையில் சுதந்திர தின வாரத்துக்கும் அதையடுத்து வரும் பேர் வீக் (Bear Week) என்ற தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் கொண்டாட்டத்துக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் கோவிட் தடுப்பூசி போட்டவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கு முகக்கவசம் வேண்டாம் என்று அரசு சொல்லியிருந்த நேரம். ஊர் திரும்பியவர்களுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. தடுப்பூசி போட்டுக்கொண்ட உனக்குமா என்று நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினார்கள். அவர்களில் மைக்கேல் டான்லி என்ற தரவு ஆய்வாளர் தனக்குத் தெரிந்தவர்களின் விவரங்களை ஓர் அட்டவணையில் சேர்க்கத் தொடங்கி, அதை நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுபோனார்.

அந்த மையம் மாத இறுதியில் வெளியிட்ட அறிக்கையில் 469 நோயாளிகள். அவர்களில் 346 பேர், அதாவது 74 விழுக்காடு, முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள். மரபணு வரிசை பார்த்த 133 மாதிரிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு டெல்டா வகை. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். யாரும் இறக்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் டெல்டாவைப் பரப்பக்கூடும் என்பதை உலகம் தெளிவாகத் தெரிந்துகொண்டது இங்கிருந்துதான். அமெரிக்காவின் முகக்கவச விதியை மாற்றியதில் இந்தக் கண்டறிதலுக்குப் பெரிய பங்கு உண்டு. இதே கூட்டத்தைச் செய்தித்தாள்கள் பொறுப்பற்ற கொண்டாட்டமாகச் சித்திரித்திருக்கலாம், சில அப்படித்தான் செய்தன. ஆனால் யாரோடு தங்கினேன், எங்கே ஆடினேன், யாரை முத்தமிட்டேன் என்று சுகாதார ஊழியர்களிடம் ஒளிக்காமல் சொல்ல முன்வந்தவர்கள் அந்தக் கூட்டத்தினர். எய்ட்ஸ் காலத்தைக் கடந்த ஒரு சமூகம் அது. தொற்று வந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அடுத்தவன் சாவான் என்று அதற்குத் தெரியும். பிற்பாடு நடந்த மரபணு ஆய்வு, இந்தத் தொற்று பிராவின்ஸ்டவுனுக்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை என்றும் காட்டியது.

மறு ஆண்டே எம்பாக்ஸ் (குரங்கம்மை) வந்தது. 2022 மே மாதத்திலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி, ஜூலை 23 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைச் சர்வதேச நெருக்கடியாக அறிவித்தது. நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள். இதை வெளிப்படையாகச் சொல்வதா கூடாதா என்று சுகாதாரத் துறைகள் குழம்பின. சொன்னால் களங்கம், சொல்லாவிட்டால் யாருக்கு ஆபத்தோ அவருக்குத் தெரியாமல் போகும். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறைக்குள்ளேயே இது பற்றிக் கடுமையான கருத்து மோதல் நடந்து பத்திரிகைகளுக்கும் வந்தது. அலுவலகங்கள் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது பால்புதுமையர் குழுக்களோ தம் ஆட்களிடம் நேராகவே பேசின: கொப்புளம் இருந்தால் விருந்துக்கு வராதே, தடுப்பூசி முழுமையாகும்வரை துணைகளைக் குறைத்துக்கொள், இங்கே இங்கே ஊசி கிடைக்கும். அந்த ஆகஸ்டில் எடுத்த ஓர் இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், எம்பாக்ஸை அறிந்தபின் துணைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து ஒருவர் இதே அறிவுரையைச் சொல்லியிருந்தால் அது ஒழுக்கப் பிரசங்கமாகத்தான் கேட்டிருக்கும்.

செப்டம்பரில் அமெரிக்க அரசு தடுப்பூசியைக் கொண்டாட்டங்களுக்கே அனுப்பியது. அட்லாண்டாவின் கறுப்பினப் பெருமித விழா, நியூ ஆர்லியன்ஸின் சதர்ன் டெகடன்ஸ் போன்ற இடங்களில் ஆட வந்தவர்கள் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். கறுப்பின ஆண்களுக்கு நோய் அதிகமாகவும் ஊசி குறைவாகவும் போய்ச் சேர்ந்திருந்த அநீதியைச் சற்றேனும் ஈடுகட்டும் முயற்சி அது. ஆகஸ்ட் தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சில நூறு என்று உச்சத்திலிருந்த தொற்று, ஆண்டு முடிவதற்குள் சொற்பமாகிவிட்டது. தடுப்பூசிக்கும், ஏற்கெனவே நோய் கண்டவர்களுக்கு வந்த எதிர்ப்பாற்றலுக்கும், நடத்தை மாற்றத்துக்கும் இதில் எவ்வளவு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றுமே அங்கே இருந்தன.

இந்தியாவில் இதே வேலையைச் செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 2001 ஜூலையில் லக்னோவில் ஆண்களிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணி செய்துவந்த தொண்டு நிறுவனங்களின் ஊழியர்களைக் காவல்துறை கைது செய்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அவர்கள்மீது பாய்ந்தது. அவர்கள் கையிலிருந்த பாதுகாப்பான உறவு பற்றிய விளக்கப் பொருள்களே குற்றத்துக்குச் சான்றுகளாயின. 47 நாள் சிறை. அதே ஆண்டு நாஸ் அறக்கட்டளை தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் மையவாதமும் உடல்நலம்தான்: இந்தச் சட்டம் இருக்கும்வரை தடுப்புச் செய்தியைக் கொண்டுபோக முடியாது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் அந்த வாதத்தை ஆதரித்தது. 2009இல் கிடைத்த விடுதலை 2013இல் பறிபோய், 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றத்தில் திரும்பக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 1998 முதல் இயங்கும் சென்னையின் சகோதரன் அமைப்பு இந்தச் சட்டத்தின் நிழலிலேயே இருபது ஆண்டு வேலை செய்திருக்கிறது. கூவாகத்தில் சித்திரை விழாவுக்குத் திருநங்கைகள் கூடும்போது எச்.ஐ.வி. விழிப்புணர்வும் பரிசோதனையும் கூடவே வருவது இன்று வழக்கமாகிவிட்டது. திருவிழா இருக்கும் இடத்துக்குச் சுகாதாரம் போவது என்ற பாடத்தை நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

ஆனால் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறைதான். மற்ற நாட்களில் அரசுத் திட்டத்தின் பணம் எதற்கு வருகிறது என்று பார்த்தால், எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை ஆணுறை கொடுத்தீர்கள், எத்தனை பேரைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள் என்ற கணக்குக்கு வருகிறது. வந்து உட்கார்ந்து பேச ஒரு மையம் இருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. ஆனால் அதற்குள் நடக்கும் பாட்டும் பிறந்தநாள் கேக்கும் எந்தப் படிவத்திலும் பலனாகப் பதிவாவதில்லை. பெருநகரத்துக்கு வெளியே, திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ வாழும் 20 வயதுப் பையனுக்கு அலைபேசிச் செயலி வழியாக ஒரு துணை கிடைத்துவிடுகிறது, நண்பர் வட்டம் கிடைப்பதில்லை. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? சொன்னாலும் அதை வாங்கக் கூட வர யார் இருக்கிறார்கள்? அவன் ஊரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூட ஓர் அறை வேண்டும், வாடகையும் டீச் செலவும் வேண்டும். சுகாதாரத் துறையின் நிதிநிலை அறிக்கையில் அந்தச் செலவை மருந்துச் செலவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.